இல்லாத ரொட்டிக்கடையின் வரிசை

2024 மே 13, திங்கள். மாலை 6.40.

முப்பத்துநான்கு பேர் நின்று செத்த இடத்தில் ஆறு கழிப்பறைகள்.

வரைபடம் இன்றுதான் வந்தது. ஜூன் ஆறு, எங்களை ஜெர்மன்காரர்களிடமிருந்து மீட்க நேச நாட்டுப் படை பிரெஞ்சுக் கடற்கரையில் இறங்கிய எண்பதாம் ஆண்டு. எங்கள் ஊரான ஒர்மான்வில்லுக்கும் இந்தத் தடவை பெரிய மனிதர்கள் வருகிறார்கள். ஊர் மன்றத்துக்குப் பின்னால் உள்ள வண்டி நிறுத்துமிடம் முழுக்க விழாத்திடல். மேடை, பெரிய திரை, கூடாரம், சோதனை வாசல். வரைந்தவர்கள் பாரிஸில் இருக்கும் விழா நிறுவனம். மின்சாரம் எங்கள் கம்பெனி, அதாவது நான். வரைபடத்தைப் பார்த்து, எந்தக் கேபிள் எங்கே போகும் என்று கோடு போட்டு அனுப்ப வேண்டும். அரை நாள் வேலை.

மேற்கு ஓரத்தில் ஆறு சின்னக் கட்டங்கள். 'நடமாடும் கழிப்பறை' என்று எழுதியிருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டம் சரியாக வாசல் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

வாசல் கல் என்றால் பழைய ரொட்டிக்கடையின் வாசல் கல். கடையில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். சுற்றிலும் தார் போட்டபோதும் அதை மட்டும் மூடாமல் விட்டார்கள்.

1944 ஜூன் ஆறு, கடற்கரையில் படை இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் ரொட்டிக்காரர் கையிலிருந்த மாவு அத்தனையும் பிசைந்து இரண்டாம் தடவை அடுப்பேற்றினார். பங்கீட்டுச் சீட்டு வேண்டாம், வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டி என்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு சீட்டில்லாத ரொட்டி! வரிசையில் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்ததாம். பகல் 1.32க்கு விமானங்கள் வந்தன. எதிரி விமானங்கள் அல்ல, விடுவிக்க வந்தவர்களுடையவை. பாலத்துக்குக் குறிவைத்தார்கள். பாலம் இன்றைக்கும் நிற்கிறது.

அதனால் ஒவ்வொரு ஜூன் ஆறும் பகல் 1.32க்கு ஊர்க்காரர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். இல்லாத கடைக்கு முன்னால், பத்து நிமிடம், பேசாமல். யார் யாருக்குப் பின்னால் நின்றார்களோ அதே வரிசை, குடும்பத்துக்கு ஓர் இடம். பத்து நிமிடம் ஆனதும் முதல் இடத்துக்காரர் திரும்பி, "ரொட்டி தீந்துபோச்சு" என்பார். கலைந்துவிடுவார்கள். மாலை கிடையாது, பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது.

எனக்குச் சடங்கு எதுவும் பிடிக்காது. பதினாறு வயதில் நிற்பதை விட்டேன். ஆனால் தப்பான வரைபடம் அதைவிடப் பிடிக்காது.

மே 14

அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. அவர்தானே மேயர். வரைபடத்தின் மூலையில் அவருடைய கையெழுத்து.

மே 17, வெள்ளி

மீன் வண்டி நாள். மீன்காரி ஒதில் கெனெல் இன்று மீனை விடக் கத்தியைத்தான் அதிகம் காட்டினாள். காரணம் ஊர் மன்றக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு:

ஜூன் ஆறு நண்பகல் முதல் ஊர் நடுப்பகுதி பாதுகாப்பு வளையம். அனுமதி அட்டை இல்லாமல் நடமாடக் கூடாது. கூட்டம் கூடக் கூடாது. மீறினால் நூற்று முப்பத்தைந்து யூரோ அபராதம். 'ரொட்டி வரிசை' இந்த ஆண்டு மட்டும் ஜூன் ஐந்து மாலை ஆறு மணிக்கு. — மேயர்.

"உங்கப்பனுக்கு ஒண்ணு சொல்லு," என்றாள், கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறிக்கொண்டே. "எங்க பெரியப்பா ஆறாம் தேதி செத்தாரு. அஞ்சாம் தேதி உயிரோட இருந்தாரு. உயிரோட இருக்கறவருக்கு நான் எதுக்குத் துக்கம் நிக்கணும்?"

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? மேயர்கிட்ட சொல்லுங்க."

"மேயர் மீன் வாங்க வரமாட்டேங்கறாரே இப்பல்லாம். பயம்." குடலை வாளியில் எறிந்தாள். "நான் நிப்பேன். அபராதம் போடட்டும். வண்டிய வித்துக் கட்டறேன்."

வரிசையில் ஒதில் பதினெட்டாம் இடம். எங்கள் குடும்பம் பத்தொன்பது. தாத்தாவின் அக்கா கொலெத்துடைய இடம் அது. வயது பன்னிரண்டு, கையில் துணிப்பை.

கழிப்பறை விஷயத்தைச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. கையில் கத்தி இருந்ததால் சொல்லவில்லை.

அப்புறம் சொல்லிவிட்டேன்.

 கத்தியைத் துடைத்து உறைக்குள் வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

மே 19, ஞாயிறு

அப்பாவோடு சண்டை. சாப்பாட்டு மேசையில்தான், வேறெங்கே.

நான் வரைபடத்தை வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன். விரலை வைத்துக் காட்டினேன். அவர் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு இன்னொரு தடவை பார்த்தார். முகம் வெளுத்தது. அப்படியென்றால் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"நாப்பது பக்கம் அனுப்பினாங்கடா. எல்லாத்தையும் படிக்க முடியுமா?"

"நான் படிச்சேன்."

"உனக்கு அது வேலை."

"உங்களுக்கு?"

முள்கரண்டியை வைத்துவிட்டார். பிறகு மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். விருந்தினரில் அந்த விமானப்படைக்காரர்களின் குடும்பங்களும் இருக்கிறார்களாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கடல் தாண்டி வருகிறார்கள். "அவங்க அப்பனுங்க பாதிப் பேர் இந்த வானத்துலயே எரிஞ்சு விழுந்தானுங்க. அவங்க முன்னாடி போய், பாரு உங்க ஆளு எங்கள என்ன பண்ணான்னு நிக்கணுமா? ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் ஒரு நாள் முன்னாடி. என்ன குறைஞ்சுபோச்சு?"

"நாம யாரையும் கை நீட்டிச் சொல்லலையே. ரொட்டிக்குத்தான் நிக்கறோம்."

"நிக்கறோமா? நீ நின்னு பத்து வருஷமாச்சு."

சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடி சரியாக விழுந்ததால் அவர் சொன்னது சரியாகிவிடாது.

"கழிப்பறைய மாத்தச் சொல்லுங்க."

"இறுதி வரைபடம்னு எழுதியிருக்கு. கேட்டா மாவட்டத் தலைமை வரைக்கும் போகணும். கேள்வி வரும். அப்புறம் வரிசை பத்தியும் கேப்பாங்க, அஞ்சாம் தேதியும் போயிடும்." பாதி ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

கோழை இல்லை அவர். அதுதான் எரிச்சல். கோழையாக இருந்தால் கோபப்படுவது சுலபம்.

மே 20

யோசனை. தூங்கவில்லை.

உணர்ச்சியைச் சொல்லிக் கேட்டால் 'ஆழ்ந்த அனுதாபம்' என்று பதில் கடிதம் வரும். விழா நடத்துகிறவர்களுக்குப் புரிவது மூன்று: காற்று, மின்சாரம், லாரி திரும்பும் இடம்.

மே 22, புதன்

விழா நிறுவனத்தின் திடல் பொறுப்பாளர் சாந்த்ரின் பாரிஸிலிருந்து வந்திருந்தாள். கையில் இரண்டு போன், காலில் வெள்ளைக் காலணி. நேற்று பெய்த மழையில் தார்த்தரை முழுக்க அழுக்குத் தண்ணீர். பாவம்.

நான் சுற்றி வளைக்கவில்லை.

"கழிப்பறை இங்க இருக்கக் கூடாது."

"ஏன்?"

"காத்து மேற்குலேருந்து வரும். இந்தக் கரையில பத்து நாள்ல எட்டு நாள் அப்படித்தான். உங்க மேடை கிழக்க இருக்கு."

அவள் மேற்கைப் பார்த்தாள், கிழக்கைப் பார்த்தாள். நாற்பது மீட்டர். நடுவில் ஒரு புதர்கூட இல்லை. ஜூன் மாத வெயிலில் ஆறு கழிப்பறைகள், எதிரில் நாட்டுத் தலைவர்கள். அவள் மூக்கு தானாகவே சுருங்கியது.

"எங்க வைக்கறது?"

"விளையாட்டுக் கூடத்துக்குப் பின்னாடி. லாரி நேரா வந்து திரும்பலாம். சாக்கடைக் குழியும் அங்க இருக்கு."

"சரி. இந்த இடம் காலியா இருக்குமே?"

"சோதனை வாசல இங்க கொண்டாங்க. உங்க வரைபடத்துல அது அந்தக் கோடியில இருக்கு. மின் பெட்டி இந்தச் சுவத்துல. அவ்வளவு தூரம் கேபிள் இழுத்தா வோல்டேஜ் இறங்கும், ஸ்கேனர் நடுவுல நடுவுல சாகும். இங்கன்னா மூணு மீட்டர்."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். வோல்டேஜ் கணக்கைப் பார்த்ததும் அவள் தலையாட்டத் தொடங்கிவிட்டாள்.

"ஜனங்க எந்தப் பக்கமா வருவாங்க?"

"கொல்லன் சந்து. தடுப்பு வேலிய அங்கேருந்து வாசல் கல் வரைக்கும் நேரா போட்டா, ஒருத்தர் பின்னால ஒருத்தர், ஒழுங்கா வருவாங்க."

"ஒத்தை வரிசையா? உங்க ஊர்ல வரிசையில நிப்பாங்களா?"

"நல்லா நிப்பாங்க," என்றேன்.

மே 24, வெள்ளி

ஒதிலிடம் நான் திருத்தம் போட்ட வரைபடத்தின் நகலைக் காட்டினேன். வண்டிக்குப் பின்னால், பனிக்கட்டிப் பெட்டி மேல் விரித்து.

கூட்டம் கூடினால்தான் தடை. சோதனை வாசலில் வரிசையாக நிற்கச் சொல்லி அவர்களே அறிவிப்பு ஒட்டப்போகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளே நூற்று இருபது நாற்காலி, கையில் அனுமதி அட்டை. அட்டையோடு வரிசையில் நிற்பவனுக்கு யார் அபராதம் போடுவது?

படிக்கப் படிக்க அவள் வாய் கோணிக்கொண்டே போனது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

"டேய் பொடியா! அரசாங்கத்த வெச்சே நம்மள வரிசையில நிறுத்தறியா?"

"எத்தனை மணிக்கு வரணும்னு மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லணும். சீக்கிரம் வந்தா உள்ள போயிடுவாங்க. எதையும் எழுதாதீங்க, போன்ல அனுப்பாதீங்க."

"எழுதறதா? எனக்கு வாய் எதுக்கு இருக்கு?"

அடுத்த ஆள் மீனுக்கு வந்தார், கார் பழுதுபார்க்கும் ஓஸ்மோன். வரிசையில் முதல் இடம் அவருடையது. ஒதில் அரைக் கிலோ மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, விலை சொல்லும் அதே குரலில், "ஆறாம் தேதி ஒரு மணிக்கு. அதுக்கு முன்னாடி வராதீங்க. அட்டைய மறக்காதீங்க," என்றாள்.

ஓஸ்மோன் என்னைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். "எலுமிச்சம்பழம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஆளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

மே 28

புதிய வரைபடம் வந்துவிட்டது. கழிப்பறை விளையாட்டுக் கூடத்துக்குப் பின்னால். வாசல் கல் மேல்: 'சோதனை வாசல் — விருந்தினர், உள்ளூர்வாசிகள்'. அப்பா கையெழுத்திட்டிருக்கிறார். படித்துவிட்டா, படிக்காமலா? கேட்கவில்லை. நாங்கள் இப்போது வானிலை மட்டும்தான் பேசிக்கொள்கிறோம்.

ஜூன் 3, திங்கள்

வேலி வந்தது. நானே அளந்து வைத்தேன். விழா ஆட்கள் கோணலாக வைத்ததை இரண்டு தடவை பிடுங்கி மறுபடி வைத்தேன். பாதுகாப்புக்கு வந்திருக்கும் கேப்டன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேலிக்கு இவ்வளவு துல்லியமா?"

"எனக்குக் கோணல் பிடிக்காது."

"எனக்கும்தான்," என்றார். நல்ல மனிதராகத் தெரிகிறார். அது இடைஞ்சல்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. பதினோராம் இடம்.

அது எப்போதும் காலியாக இருக்கும் இடம். ரொட்டிக்கடையில் வேலை பார்த்த பெண் ஒருத்திதான் அன்று அடுப்புச் சுவரின் மறைவில் பிழைத்தாள். யார் பின்னால் யார் என்று சொன்னது அவள்தான். முப்பத்துமூன்று பேரைப் பெயர் சொல்லிச் சொன்னாள். பதினோராவது ஆளை மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. தொப்பி போட்ட ஒருவன், ஊருக்குப் புதியவன். போலந்துக் கூலியாள் என்பார்கள் சிலர். சீருடையைக் கழற்றிப் போட்டு ஓடிவந்த ஜெர்மன் சிப்பாய் என்பார்கள் சிலர். எவராக இருந்தால் என்ன, அவனுக்கும் பசித்திருக்கிறது. அவனுக்கென்று நிற்க யாரும் இல்லை. அதனால் பத்தாவது ஆளுக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் நடுவில் ஓர் ஆள் அளவு இடம் விடுவார்கள்.

வேலிக்குள் அந்த இடைவெளியைப் போலீஸ்காரன் விடவிடுவானா? 'முன்னாடி போங்க, முன்னாடி போங்க' என்பானே. இதற்கு வோல்டேஜ் கணக்கு உதவாது.

ஜூன் 5, புதன்

மாலை ஆறு மணிக்கு நான் ஏணிமேல் இருந்தேன், திரைக்குப் பின்னால் விளக்கு மாட்டிக்கொண்டு. அப்பா வந்தார்.

அறிவிப்புப்படி 'ரொட்டி வரிசை'. ஒருவரும் வரவில்லை. ஓஸ்மோன் கடையைத் திறந்துபோட்டுக்கொண்டு வேண்டுமென்றே டயர் தட்டிக்கொண்டிருந்தார், சத்தம் திடல் வரைக்கும் கேட்டது. ஒதிலின் ஜன்னல் கதவு மூடியிருந்தது. ஊரே வீட்டுக்குள் இருந்தது.

அப்பா மேயராக நிற்பார், வாசல் கல் பக்கம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் கல் பக்கம் போகவில்லை. வேலிக்குள் நுழைந்து, நடந்து, நடுவில் ஓரிடத்தில் நின்றார். பத்தொன்பதாம் இடம். முன்னால் பதினெட்டு பேருக்கு இடம் விட்டு, பின்னால் பதினைந்து பேருக்கு இடம் விட்டு, தனி ஆளாக. கையில் தொப்பி.

இறங்கலாமா? இறங்கவில்லை. ஐந்தாம் தேதிக்கு நான் நிற்கமாட்டேன். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுவிட்டேன். அந்த நேரம் வேலை செய்ய முடியவில்லை.

முடிந்ததும் அவர் வேலியைத் தடவிக்கொண்டே என் ஏணிக்குக் கீழே வந்தார்.

"இந்த வேலி எங்கேருந்து ஆரம்பிக்குது?"

"கொல்லன் சந்து."

"அன்னிக்கும் வரிசையோட வால் அங்கதான் இருந்துச்சாம்." கொஞ்ச நேரம் தார்த்தரையைப் பார்த்தார். "வாசல் கல்லுலதான் அட்டையக் காட்டணுமோ?"

"மின் பெட்டி அங்கதான் இருக்கு."

"ம்."

அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். சந்து முனையில் திரும்பி, "ஏணிய இறுக்கிக் கட்டு, மேக்காத்து ஏறுது," என்றார்.

தடுக்கப்போகிறாரா? கேப்டனிடம் சொல்லுவாரா? தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

ஜூன் 6, வியாழன்

  வரிசைப்படி எழுதுகிறேன்.

காலையிலிருந்து விருந்தினர்கள் வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்கேனர் ஒரு தடவைகூடச் சாகவில்லை. மேற்குக் காற்று பலமாக அடித்தது, மேடையில் பூ வாசனைதான். சாந்த்ரின் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஒரு மணிக்கு ஊர்க்காரர்கள் கொல்லன் சந்தில் திரண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கையில் அட்டை. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஓஸ்மோன் முதலில் வேலிக்குள் வந்தார், பின்னால் ஒவ்வொருவராக.

கேப்டனுக்கு ஒரே சந்தோஷம். "இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு ஒழுங்கா ஜனங்களப் பாத்ததில்ல," என்றார் என்னிடம்.

பத்தாவது ஆள் நின்றார். பன்னிரண்டாவது இடத்துக்காரியான பள்ளி ஆசிரியை ஓர் ஆள் இடம் விட்டு நின்றாள். வேலியோரம் நின்ற இளம் காவலன் விடவில்லை.

"மதாம், முன்னாடி போங்க. நடுவுல இடம் விடாதீங்க."

"அங்க ஆள் இருக்கு."

"எங்க இருக்கு? யாருமில்லையே."

"வருவாரு."

"எப்ப வருவாரு?"

"எம்பது வருஷமா பாத்துக்கிட்டு இருக்கோம். உனக்கு என்ன அவசரம்?"

அவன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்னால் ஒதில். கறுப்புக் கோட்டு, உதட்டில் சாயம், மீன் வாசம் துளிகூட இல்லை. அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் இடம். அதற்குப் பின்னால் இருபதாவது ஆள். இரண்டு ஓட்டைகள். ஒன்று அந்நியனுக்கு. இன்னொன்று எங்களுக்கு — அப்பா மேடையில் நிற்கிறார், விருந்தினரை வரவேற்க. ஒதில் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகாலேயே என்னைப் பார்த்தாள்.

1.32. மாதா கோயில் கடிகாரம் எங்கள் ஊரில் எப்போதும் சரியாக ஓடும், அதை நான்தான் பராமரிக்கிறேன்.

ஓஸ்மோன் வாசல் கல்மேல் நின்றார். ஸ்கேனர் எதிரில். அட்டையை நீட்டவில்லை.

"முசியே, அட்டை," என்றார் கேப்டன்.

ஓஸ்மோன் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முசியே! அட்டையக் காட்டுங்க, உள்ள போங்க. கதவு திறந்திருக்கு."

முப்பத்திரண்டு பேர். ஒரு செருமல்கூட இல்லை. காற்றில் கொடிகள் படபடப்பது மட்டும்.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லா இருக்கு," என்றேன். கருவிப் பையைத் தரையில் வைத்தேன். வேலையிடத்தை விட்டு நகரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நகர்ந்தேன். வேலியைத் தாண்டி உள்ளே குதித்து ஒதிலுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அந்த இடத்தில் நின்றால் என்ன தெரியும் என்பது மறந்தே போயிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உயரத்துக்குப் பெரியவர்களின் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும். வானம் தெரிந்திருக்காது. நல்லது.

கேப்டன் வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார். அப்போதுதான் அப்பா மேடையிலிருந்து இறங்கினார். தோளில் மேயருக்கான மூவண்ணப் பட்டை. நாற்பது மீட்டரும் ஓடவில்லை, நடந்தார். மேடையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

என் இடத்துக்குத்தான் வருகிறார், என்னை விலகச் சொல்வார் என்று நினைத்தேன். விலகியிருக்கமாட்டேன். ஓர் இடத்துக்கு ஓர் ஆள்தான், அதுதான் எங்கள் வழக்கம்.

அவர் என்னைப் பார்த்தார். பத்தொன்பதாம் இடத்தில் ஆள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். நேராகப் போய்ப் பதினோராம் இடத்தில் நின்றார்.

எண்பது வருஷத்தில் முதல் தடவை அங்கே ஓர் உடம்பு. பட்டையோடு, ஊரின் பெயரால். பள்ளி ஆசிரியை அரையடி பின்னால் நகர்ந்து அவருக்கு வழிவிட்டாள். முப்பத்துநான்கு.

கேப்டன் பட்டையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், காலுக்கடியில் இருந்த கல்லைப் பார்த்தார். வயர்லெஸ் மெதுவாக இறங்கியது. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்லிலிருந்து மட்டும் காலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

இதற்கிடையில் தாமதமாக வந்த ஒரு பேருந்து விருந்தினர்களைக் கொல்லன் சந்தில் இறக்கிவிட்டது. கடல் தாண்டி வந்தவர்கள், சட்டையில் சின்ன விமானச் சின்னம். வரிசையைப் பார்த்ததும் அவர்கள் பாட்டுக்கு வாலில் சேர்ந்துகொண்டார்கள். வரிசை என்றால் வரிசைதானே. முன்னால் எல்லாரும் அமைதியாக நின்றதால் அவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

பத்து நிமிடம்.

ஓஸ்மோன் திரும்பினார். அவர் குரல் டயர் உரசுவதுபோல் இருக்கும். "ரொட்டி தீந்துபோச்சு."

எல்லாரும் திரும்பினோம். வந்த வழியே நடந்தோம். உள்ளே ஒருவரும் போகவில்லை. உள்ளூர்க்காரர்களுக்குப் போட்ட நூற்று இருபது நாற்காலியும் கடைசி வரை காலி. தன் அட்டையை ஒதில் வேலிக் கம்பியில் செருகிவிட்டுப் போனாள், பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

சந்து முனையில், வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், உடைந்த பிரெஞ்சில் ஒதிலைக் கேட்டாள்: "மன்னிக்கணும், இது எதுக்கு வரிசை?"

ஒதில் அவள் சட்டையிலிருந்த விமானத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரொட்டிக்கு," என்றாள்.  கை நீட்டவில்லை, முகம் திருப்பவில்லை. அந்தப் பெண் வாசல் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். கடை இல்லை என்பதை அவளே பார்த்துக்கொண்டாள்.

அப்பா மட்டும் மேடைக்குத் திரும்பிப் போனார். விருந்தினருக்குக் கை கொடுத்தார், உபசாரம் செய்தார். அது அவர் வேலை. நான் மின் பெட்டிக்குத் திரும்பினேன். அது என் வேலை.

சாந்த்ரின் ஓடிவந்தாள். "காமிராவில காலி நாற்காலிதான் தெரியுது! என்ன பண்ணீங்க நீங்க?"

"வரைபடத்துல இருந்தபடி பண்ணேன்."

வரைபடத்தை விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இதுல எல்லாம் சரியாதான் இருக்கு," என்றாள் கடைசியில், தனக்குத்தானே.

ஆமாம். இப்போதுதான் சரியாக இருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி. மாலை

முதலாளி போன் செய்தார். விழா நிறுவனம் புகார் கொடுத்திருக்கிறதாம். திங்கள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். குரல் கோபமாக இல்லை. அவருடைய மனைவியின் குடும்பம் வரிசையில் இருபத்தேழாம் இடம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அப்பா காலையில் காப்பியை என் பக்கம் தள்ளினார். "மாவட்டத்துலேருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்," என்றார். "என்ன எழுதுவீங்க?" என்றேன். "ரொட்டி வாங்கப் போனேன்னு எழுதுவேன்." சிரிக்கவில்லை. நிஜமாகவே எழுதுவார்.

இனி செய்ய வேண்டியவை:

1. திங்கள் எட்டு மணிக்குப் போவேன். வேலையிடத்தை விட்டு நகர்ந்தேன் என்று ஒப்புக்கொள்வேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

2. இன்று காலை ஒதிலின் வண்டியில் பனிப்பெட்டி மோட்டார் முனகியது. சனிக்கிழமை கழற்றிப் பார்ப்பேன். கூலியாக மீன் கொடுப்பாள், வாங்கிக்கொள்வேன். மறுத்தால் திட்டுவாள்.

3. நில அளவைக்காரர்கள் தாரில் அடிக்கும் பித்தளை ஆணி முப்பத்துநான்கு வாங்க வேண்டும். ஓர் இடத்துக்கு ஒன்று. பதினோராவதுக்கும் அதே ஆணி, அதே அளவு. இனி எவன் பாரிஸிலிருந்து வரைபடம் போட்டாலும் முதலில் அதில் தடுக்கி விழட்டும்.

4. ஆணி அடிக்க மேயரிடம் அனுமதி கேட்கமாட்டேன். அளவுக் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க வரச்சொல்வேன்.

5. 2025 ஜூன் 6 வெள்ளிக்கிழமை. விடுப்புக் கடிதத்தைத் திங்களன்றே கொடுத்துவிடுவேன். வேலையை விட்டு அனுப்பினால் கடிதம் மிச்சம்.

6. இப்போது ரொட்டி வாங்கப் போகிறேன். கடை ஏழு மணிக்கு மூடிவிடும்.